பல்பை மாற்றும் முன் ஸ்க்ரூவைத் திருப்புங்கள்

"ராத்திரியில் ரோடு சரியாகத் தெரியவில்லை" என்று ஜீப் வைத்திருக்கும் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். எல்லோரிடமும் ஒரே வைத்தியம்தான் இருக்கும். பல்பை மாத்து! 60/55 வாட்டைக் கழற்றிவிட்டு 100/90 போடு, இல்லையென்றால் எல்இடி போடு, அதுவும் பத்தவில்லையா, பம்பரில் நாலு லைட்டைக் கட்டு. வெளிச்சம் எவ்வளவு என்று கேட்கிறார்களே தவிர, அது எங்கே போய் விழுகிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. என் கட்சி என்னவென்றால், முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

எங்கள் சித்தப்பாவிடம் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் இருக்கிறது. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி இறங்குவதுதான் அதன் பிழைப்பு. பிரைட் போட்டால் வலது லைட் பள்ளத்தாக்குப் பக்கம் மரத்தின் உச்சாணிக் கிளையைக் காட்டும், இடது லைட் பாறையைக் காட்டும். நடுவில் ரோடு இருட்டு. ஆந்தை தேடுவதற்கு அருமையான வண்டி :-)

மெக்கானிக்கிடம் கொண்டு போனால், "தம்பி, 100/90 மாட்டிருவோம், சும்மா பகல் மாதிரி இருக்கும்" என்கிறார். "அண்ணே, கிளைதானே இன்னும் பளிச்சுன்னு தெரியும்?" என்றேன். சிரித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த வண்டிகளில் இருப்பது ஹெச்4 பல்பு. ஒரே பல்புக்குள் இரண்டு இழை. பிரைட்டுக்கான 60 வாட் இழை ரிஃப்ளெக்டரின் குவியத்தில் இருக்கும், அதனால் வெளிச்சம் நேராகத் தூரமாகப் போகும். டிம்முக்கான 55 வாட் இழை கொஞ்சம் முன்னால் தள்ளி, அடியில் ஒரு குட்டித் தகரக் கிண்ணத்தோடு இருக்கும். அந்தக் கிண்ணம் கீழே போகும் வெளிச்சத்தை மறைத்துவிடுவதால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டும் வேலை செய்து, வெளிச்சத்தை ரோட்டை நோக்கிச் சாய்க்கிறது.

இரண்டும் ஒரே பல்பு, ஒரே ரிஃப்ளெக்டர். அப்படியானால் பிரைட் மரத்தைப் பார்க்கிறது என்றால் டிம்மும் அதே அளவு தூக்கிக்கொண்டுதான் இருக்கும். எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுவது இதுதான். எதிரே பைக் வருகிறது. நம்ம ஆள் நல்லவர், மரியாதையாக டிம் போடுகிறார். ஆனால் பைக்காரருக்கு அது டிம்மே இல்லை, கண்ணுக்கு நேரே அடிக்கிறது. அவர் திட்டிக்கொண்டே பிரைட்டைத் தட்டுகிறார். இவரோ, "நான்தான் டிம் போட்டுட்டேனே, இவனுக்கு என்ன திமிர்" என்று பதிலுக்குத் தட்டுகிறார். இரண்டு பேரும் குருடாகி வளைவில் நுழைகிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றாலும் ஒரு நொடிக்கு 11 மீட்டர். கண் தெளிய மூன்று நொடி ஆனால் 33 மீட்டர். கொண்டை ஊசி வளைவில் 33 மீட்டர் என்பது என்ன என்று மலையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

சட்டத்திலும் இது இருக்கிறது. 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி: லைட்டிலிருந்து 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலது பக்கம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவர் கண் இருந்தால் அவருக்குக் கூசக்கூடாது. சொந்த வண்டியில் அதை யார் அளந்து பார்க்கிறார்கள்? புகை சர்டிபிகேட் வருஷா வருஷம் வாங்குகிறோம். லைட்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. டாக்ஸி, லாரிக்காவது எஃப்சி என்று ஒன்று உண்டு. சொந்த உபயோக வண்டியோ 15 வருஷம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் ஆர்டிஓ வாசலை மிதிக்கிறது.

காரை விட ஜீப்பில் இந்தத் தொல்லை ஏன் அதிகம்? முதலாவது, லைட்டே உயரத்தில் இருக்கிறது. பெரிய டயர் போட்டால் இன்னும் உயரும். இரண்டாவது, பின்பாரம். விடியற்காலையில் போடி, கம்பம் பக்கமிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை பேரும் பின்னால். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சரியாக வைத்த டிம் லைட் 10 மீட்டருக்கு 10 செ.மீ. இறங்க வேண்டும், அதாவது 1 சதவீதம். வண்டியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் 240 செ.மீ. பாரத்தில் பின்பக்கம் வெறும் 5 செ.மீ. அமுங்கினால் மூக்கு 2 சதவீதம் தூக்கும். கழித்தால், இறங்க வேண்டிய வெளிச்சம் 1 சதவீதம் ஏறுகிறது. லைட் 95 செ.மீ. உயரத்தில் இருந்தால் 50 மீட்டர் தள்ளி அது 145 செ.மீ. பைக் ஓட்டுகிறவரின் கண் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கும். பின்பட்டை தொய்ந்துபோன பழைய ஜீப்புக்கு ஆளே ஏற வேண்டாம், எப்போதும் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும்.

(புது வண்டிகளில் டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு குட்டிச் சக்கரம் இருக்குமே, அது இதற்குத்தான். பின்னால் பாரம் ஏற ஏற எண்ணைக் கூட்டினால் லைட் இறங்கும். அதைத் தொட்டவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்!)

சரிசெய்ய அரை மணி நேரம் போதும். சமதளமான இடம், எதிரே ஒரு சுவர், சாயங்காலம் இருட்டிய பிறகு. டயரில் காற்று சரியாக இருக்கட்டும். ராத்திரியில் வழக்கமாக எவ்வளவு பாரத்தோடு போவீர்களோ அவ்வளவு பேரை ஏற்றி உட்கார வையுங்கள், டீ வாங்கித் தருவதாகச் சொன்னால் வருவார்கள். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி இரண்டு லைட்டின் நடுப்புள்ளியையும் சாக்பீஸால் சுவரில் குறியுங்கள். பிறகு நேராக 10 மீட்டர் பின்னால் வாருங்கள். அந்தப் புள்ளிகளுக்கு 10 செ.மீ. கீழே ஒரு கோடு. லைட் ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்தால் 15 செ.மீ. கீழே.

பழைய வட்ட ஹெட்லைட்டில் வெளி வளையத்தைக் கழற்றினால், லைட்டைப் பிடித்திருக்கும் மூன்று சின்ன ஸ்க்ரூ தெரியும். அவற்றைத் தொட வேண்டாம். மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று என ஸ்பிரிங்கோடு இருக்கும் நீளமான இரண்டுதான் நம் ஆள். மேல் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் லைட்டின் தலை முன்னால் சாய்ந்து வெளிச்சம் இறங்கும், இறுக்கினால் ஏறும். பக்கத்து ஸ்க்ரூ இடம் வலம். மலைவண்டியில் இது துருப்பிடித்துத்தான் இருக்கும், முந்தின நாளே கொஞ்சம் எண்ணெய் விட்டு வையுங்கள். ஒரு லைட்டைத் துணியால் மூடிவிட்டு மற்றதைப் பாருங்கள். டிம் போட்டுத்தான் சரிபார்க்க வேண்டும், பிரைட் போட்டு அல்ல. டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். நாம் இடது பக்கம் ஓட்டுவதால் விளிம்பு இடது பக்கம் மட்டும் சாய்வாக மேலே ஏறும், அது கோளாறு இல்லை. அந்தத் திருப்பம் சாக்பீஸ் புள்ளிக்கு நேர் கீழே வந்தால் முடிந்தது.

இப்போது பிரைட் போடுங்கள். அதன் பளிச்சென்ற நடுப்பகுதி அநேகமாக லைட் உயரத்திலேயே, நேராக விழும். டிம் சரியாக இருந்தும் பிரைட் எங்கேயோ போகிறது என்றால் ஸ்க்ரூவைத் திருகிப் பிரயோஜனம் இல்லை, பல்பு சரியாக உட்காரவில்லை. ஹெச்4 பல்புக்கு மூன்று காது, அதில் ஒன்று அகலம். ஒரே விதத்தில்தான் உட்காரும். அவசரத்தில் அழுத்தித் திணித்து, பின்னால் கம்பிக் கிளிப்பைப் பாதி மாட்டியிருப்பார்கள். பல்பை எடுத்து ஒழுங்காக வைத்தாலே பாதி வண்டிக்குத் தீர்ந்துவிடும் என்பது என் சந்தேகம்.

எல்இடி மாட்டியவர்கள் கோபப்பட வேண்டாம். இழை இருந்த அதே இடத்தில், அதே அளவில் எல்இடி உட்காராவிட்டால் ஹெச்4 ரிஃப்ளெக்டர் அந்த வெளிச்சத்தைக் கண்டபடி சிதறடிக்கும், எந்த ஸ்க்ரூவாலும் அதைப் பிடிக்க முடியாது. ஹெட்லைட் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் பழைய வழக்கமும் அப்படித்தான். வெளிச்சம் குறையும், திசை மாறாது. உண்மையிலேயே மங்கலாக இருந்தால் வயரிங்கைப் பாருங்கள். பழைய வண்டியில் மொத்தக் கரண்டும் சுவிட்ச் வழியாகப் போய் வருவதால் வோல்டேஜ் வழியிலேயே தேய்ந்துவிடும். பல்புக்குப் போகும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் குறையும். ஒரு ரிலே போட்டால் அதே 60/55 பல்பு தெளிவாக எரியும்.

பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிக்கிறோம். அங்கேயே சமமான சிமெண்ட் தரை இருக்கிறது, காம்பவுண்டு சுவரும் இருக்கிறது. தரையில் 10 மீட்டரில் ஒரு கோடு, சுவரில் செ.மீ. குறித்த ஒரு அளவுகோல், அவ்வளவுதான் செலவு. மலையடிவாரப் பங்க்குகளிலாவது இதைச் செய்யலாம் என்பது என் கோரிக்கை. அதுவரை எங்கள் காலேஜ் ஒர்க்‌ஷாப் பின்சுவரில் நான் போட்ட கோடு அப்படியே இருக்கிறது, ஜீப் வைத்திருக்கும் கிளாஸ்மேட்ஸ் சாயங்காலம் ஆறரைக்கு மேல் வரலாம். பின் சீட்டுக்கு ஆளை நீங்களே கூட்டி வாருங்கள்.