கடல் இருக்கே, அப்புறம் என்ன?

சென்னைல தண்ணிப் பஞ்சம்னு பேச்சு வந்தா போதும். நம்ம பொட்டி தட்டுற சனத்துல ஒருத்தராவது "கடல் இருக்கே பாஸ், சுத்தம் பண்ணிக் குடிக்க வேண்டியதுதானே"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துல உலகத்துக்கே தீர்வு சொல்றது நம்ம பிறவிக் குணம். சரி, சொல்லட்டும். அந்தத் தீர்வு எந்த ஊர்ல உட்கார்ந்திருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க மக்களே.

ஊர் பேரு காட்டுப்பள்ளி. கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் உப்பங்கழியும், நடுவுல நீளமா ஒரு மணல் திட்டு. வடக்கே பழவேற்காடு, தெற்கே கொசஸ்தலை ஆறு கடல்ல கலக்குற எண்ணூர் முகத்துவாரம். மீஞ்சூர் ஆலைன்னு சொல்றாங்களே, தினம் 10 கோடி லிட்டர் குடிநீர் தர்றதுக்குன்னு கட்டின ஆலை, அது இருக்கறது இங்கேதான். 2010 ஜூலைல திறந்தாங்க. 1000 லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசுன்னு ஒப்பந்தம்.

கொடுமை என்னன்னா, இதே மீஞ்சூர்ல பூமிக்கடியில நல்ல தண்ணி இருந்துச்சு. 1960-களோட கடைசியில இருந்து வரிசையா ஆழ்குழாய்க் கிணறு போட்டு உறிஞ்ச ஆரம்பிச்சாங்க, நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும். 1969-ல கடல்ல இருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரைக்கும் இருந்த உப்பு, 1983-ல 9 கிலோமீட்டர் உள்ளே வந்தாச்சு.

ஏன்? கூட சிவில் படிச்ச பயலுகளைக் கேட்டா சொல்லுவாங்க. நல்ல தண்ணியோட அடர்த்தி 1, கடல் தண்ணிக்கு 1.025. அதனால நல்லது மேலே மிதக்கும், உப்பு கீழே கிடக்கும். கடல் மட்டத்துக்கு மேல 1 மீட்டர் நல்ல தண்ணி நின்னா, அது கீழே கிட்டத்தட்ட 40 மீட்டர் ஆழத்துக்கு உப்பை அமுக்கி வைக்கும். இப்போ கணக்கைத் திருப்பிப் போடுங்க. மேலே 1 மீட்டர் உறிஞ்சினா கீழே இருந்து உப்பு 40 மீட்டர் ஏறும். காட்டுப்பள்ளி மணல் மேடு மழையைக் குடிச்சு வெச்சுக்கிட்டு இந்த வேலையைத்தான் பார்க்குது. கரண்ட் பில் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. இந்தத் திட்டுலதான் துறைமுகத்தை 330 ஏக்கர்ல இருந்து 6,000 ஏக்கருக்கு மேல விரிக்கத் திட்டம் போட்டாங்க. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை 2021 ஜனவரிலயும் 2023 செப்டம்பர்லயும் அறிவிச்சு அறிவிச்சு ஒத்தி வெச்சாங்க.

நிற்க. கடல் தண்ணியைக் குடிநீராக்க 1000 லிட்டருக்கு 3, 4 யூனிட் மின்சாரம் வேணும். 10 கோடி லிட்டருக்குத் தினம் குறைஞ்சது 3 லட்சம் யூனிட். எந்த யூனிட் எந்த மின் நிலையத்துல இருந்து வந்ததுன்னு யாரும் பிரிச்சுச் சொல்ல முடியாதுதான். ஆனா பக்கத்துலயே அத்திப்பட்டுல வடசென்னை அனல்மின் நிலையம், அந்தாண்ட வல்லூர். எரிக்கறது நிலக்கரி. மிஞ்சுற சாம்பலைத் தண்ணில கரைச்சுக் குழாய்ல அனுப்புறாங்க, குழாய் உடைஞ்சு உடைஞ்சு கொசஸ்தலைல கொட்டி ஆறே சாம்பல் சேறாச்சு. இடுப்பளவு தண்ணில நின்னு கையால இறால் தடவிப் பிடிக்கிறவன் அதுலதான் கால் வைக்கணும். 2022-ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வந்து ஆத்தைச் சீர் பண்ணுங்கன்னு சொல்ல வேண்டியதாயிடுச்சு.

எண்ணெய்க் கதை தனி. 2017 ஜனவரி 28-ல காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சு. ராக்கெட் விடுற நாட்டுல அதை வாளியில அள்ளினாங்க! 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட மணலி சிபிசிஎல் எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகத்துக்கு வந்துச்சு. அள்ளினது திரும்பவும் மீனவங்கதான். "கடல் இருக்கே"ன்னு சொல்றீங்களே, அந்தக் கடல் இதுதான் சாமி.

"அப்போ சென்னை சாகணுமா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. 2019-ல ஏரியெல்லாம் வறண்டப்போ இந்த ஆலை இல்லைன்னா இன்னும் நாறியிருக்கும், ஒத்துக்கறேன். அதை மூடச் சொல்லலை. அதே 2019-லதான் கொடுங்கையூர்ல சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணி தினம் நாலரைக் கோடி லிட்டர் வரைக்கும் மணலி ஆலைகளுக்குக் கொடுக்கிற நிலையமும் வந்துச்சு. மீஞ்சூர் நிலத்தடித் தண்ணியைக் காலி பண்ணினதுல பங்கு இருக்கற அதே மணலிக்கு! முடியும்னு தெரிஞ்சு போச்சில்ல? அப்போ மிச்ச சாக்கடையையும் சுத்தம் பண்ணி ஆலைகளுக்குக் கொடுங்க, சாம்பலை ஆத்துல இருந்து வாருங்க, மணல் மேட்டுல கை வைக்காதீங்க. அதுக்கப்புறமும் பத்தலைன்னா இன்னும் புதுசா கடல்நீர் ஆலை பத்திப் பேசலாம்.