முதல் சேர்வருக்குப் பழைய லெப்டொப் போதும்

வீட்டில ஒரு சேர்வர் வைக்க என்ன வாங்கலாம் என்று யாராவது கேட்டால் எங்கள் பதில் இதுதான்: எதையும் வாங்காதீங்க. அலுமாரியில கிடக்கிற பழைய லெப்டொப்பை முதல்ல வெளியே எடுங்க.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு சேர்வர் எதுக்கு என்று சிரிக்கலாம். கலஹா, தெல்தோட்டைப் பக்கத் தோட்டங்களில் வயசானவங்க பேசுறதை நாங்கள் பதிவு செய்கிறோம். 1948இல் பறிபோன குடியுரிமை, 1964 ஒப்பந்தத்தோட இந்தியாவுக்குப் போன சொந்தங்கள், டிரங்குப் பெட்டியில பத்திரமா இருக்கிற கடிதங்கள். எல்லாம் எங்கள் போன்களில்தான் இருந்தன. கூகிள் சும்மா தருகிற 15 ஜிபி எப்பவோ நிறைஞ்சிருச்சு. எங்களில ஒருத்தரோட போன் பழுதானப்போ ஒரு அப்பாயியோட இரண்டு மணிநேரப் பேச்சும் போச்சு. அந்த அப்பாயி இப்ப இல்லை.

சரி, ஏன் லெப்டொப்? முதல் காரணம் கரண்ட் பில். 60 வாட் இழுக்கிற பழைய டெஸ்க்டொப் இரவு பகலா ஓடினால் மாதத்துக்கு 43 யூனிட். சும்மா இருக்கும்போது 10 வாட் அளவு எடுக்கிற லெப்டொப்புக்கு 7 யூனிட்தான். நம்ம நாட்டில 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டில இருந்தே விலை கூடும், நிலையான கட்டணமும் ஏறும். 50 யூனிட் எரிகிற வீட்டில லெப்டொப் வந்தால் 57. டெஸ்க்டொப் வந்தால் 93. அந்த பில்லைக் கட்டப்போறது நாம இல்லை, அம்மா.

ராஸ்பெரி பை இன்னும் குறைவாத்தான் எடுக்கும். ஆனால் திடீரென்று கரண்ட் போனால் அதோட மெமரி கார்ட் கெட்டுப்போகலாம். 2022 மார்ச் கடைசியில 13 மணிநேரம் இருட்டில இருந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. கண்டியில ஏப்ரல் மாதத்துப் பின்னேர இடி மின்னலும் தெரிஞ்சதுதானே. லெப்டொப்பில பற்றரி கூடவே இருக்கு. தானாக ஒழுங்கா நிற்கிற அளவுக்காவது நேரம் கிடைக்கும். பற்றரி வீங்கியிருந்தால் மட்டும் யோசிக்காமக் கழற்றிடுங்க, அது தீப்பிடிக்கும்.

4 ஜிபி ரேம் போதும். டெபியன் போட்டு, மூடி வச்சாலும் தூங்காதபடி செட் பண்ணி, வயரால ரவுட்டரோட இணைச்சா வேலை முடிஞ்சுது. பிறகு வேலை கூடினால் செகண்ட் ஹேண்ட் மினி பிசி ஒன்னு பார்க்கலாம்.

மிச்சப்படுத்தின காசுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்க. இதில மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் போயின. நம்ம வீட்டுக்கு நெருப்பு வரத் தேவையில்லை, கூரை ஒழுகினாலே போதும். ஒரு டிஸ்க் சேர்வரோட இருக்கட்டும். மற்றதை லீவுக்குப் போகும்போது ஊருக்குக் கொண்டுபோய் வச்சிட்டு வாங்க.

அப்பாயியோட குரல் எங்களுக்குத் திரும்பக் கிடைக்காது. உங்க வீட்டில பேச ஆள் இருக்கும்போதே அந்த லெப்டொப்பைத் தூசி தட்டுங்க.