ரூபாய் விழுந்தது குற்றமில்லை, ஆளுக்கொரு கதை சொல்வதுதான் குற்றம்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என் முன்னால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்த பிள்ளைகள்தானே, இப்போது ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

பொங்கல் முடிந்ததும் நானும் வீட்டம்மாவும் மலேசியா போகிறோம் என்று பழைய மாணவர் குழுவில் போட்டிருந்தேன். வாழ்த்துகளுக்கு நடுவில் ஒரு தம்பி கேட்டிருந்தான்: "டாலர் தொண்ணூறு ரூபாயைத் தாண்டிருச்சு. இந்த நேரத்துல வெளிநாட்டுல போய்ச் செலவு பண்ணுறது நாட்டுக்கு நல்லதா சார்?" அதற்குக் கீழே இன்னொருவன், "எல்லாம் இந்த ஆட்சியாலதான்" என்று ஆரம்பித்தான். ராத்திரி பன்னிரண்டு மணி வரை கட்சிச் சண்டை. இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும், அதனால் பேர் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருமே கணக்கில் தப்பு. வாத்தியார் சும்மா இருக்க முடியுமா?

முதலில் எதற்குப் போகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டம்மாவின் அக்கா ஈப்போவில் இருக்கிறார். வயது எழுபத்தொன்பது. 1974-ல் கல்யாணம் முடிந்து ராசிங்காபுரத்திலிருந்து போனவர். 2024 பிப்ரவரியில் புறப்பட எல்லாம் தயாராக இருந்தது. அந்த நேரம் பார்த்து எனக்கு முழங்கால் ஆபரேஷன். சரி, அப்புறம் போகலாம் என்று விட்டோம். அந்த "அப்புறம்" எவ்வளவு விலை என்று இப்போது தெரிகிறது.

கரும்பலகைக்கு வாருங்கள். 2024 பிப்ரவரியில் ஒரு ரிங்கிட் சுமார் 17 ரூபாய் 30 காசு. 2025 முடிவில் 22 ரூபாய்க்குக் குறையவில்லை. அங்கே எங்கள் கைச்செலவு, போக்குவரத்து, இரண்டு நாள் கோலாலம்பூரில் தங்கல் எல்லாம் சேர்த்து 5,000 ரிங்கிட் என்று வையுங்கள். அன்றைக்கு 86,500 ரூபாய். 2025 முடிவில் 1,10,000. நாங்கள் ஒரு வேளைச் சாப்பாடு கூடச் சாப்பிடவில்லை, ஒரு கடை கூட அதிகம் ஏறவில்லை. 23,500 ரூபாய் கூடிவிட்டது.

இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ரூபாய்க்கும் ரிங்கிட்டுக்கும் நடுவில் டாலர் நிற்கிறது. அன்று டாலருக்கு 83 ரூபாய், 2025 முடிவில் 90. அந்த வகையில் எட்டு சதவீதச் சொச்சம் கூடுதல். அன்று டாலருக்கு 4.78 ரிங்கிட், 2025 முடிவில் 4.07 பக்கம். அந்த வகையில் பதினேழு சதவீதச் சொச்சம். இரண்டையும் பெருக்கினால் இருபத்தேழு. ஆகவே "எல்லாம் இந்த ஆட்சியால்" என்ற தம்பிக்குப் பாதி மதிப்பெண் கூடக் கிடையாது. பெரிய பங்கு ரிங்கிட் ஏறியது.

ஆனால் அதே கணக்கு ஆட்சியாளர்களையும் சும்மா விடாது. 2022 அக்டோபரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அமெரிக்காவில் வைத்து என்ன விளக்கம் சொன்னார்? ரூபாய் சரியவில்லை, டாலர்தான் வலுக்கிறது என்றார். அந்த ஆண்டுக்கு அதில் உண்மை இருந்தது, உலகத்தில் பல நாணயங்கள் அப்போது டாலரிடம் தோற்றன. 2025-ல் அந்த விளக்கம் செல்லுமா? அந்த ஆண்டு டாலரே இறங்கியது. ரிங்கிட்டிடம் இறங்கியது, யூரோவிடம் இறங்கியது, பவுண்டிடம் இறங்கியது. இறங்குகிற டாலரிடமும் நம் ரூபாய் தோற்றது. ஆண்டு தொடக்கத்தில் 90 ரூபாய்க்குள் இருந்த யூரோ, முடிவில் 105 பக்கம் வந்துவிட்டது. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் பொருள்கள் பலவற்றுக்கு 50 சதவீத வரி போட்டது, அந்நிய முதலீட்டாளர்கள் நம் பங்குச் சந்தையிலிருந்து பணத்தை எடுத்துப் போனார்கள். காரணம் இருக்கிறது. அதை மக்களிடம் நேராகச் சொல்வதற்கு என்ன தயக்கம்?

எதிர்க்கட்சிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2013 ஆகஸ்டில் ரூபாய் 68-ஐத் தாண்டியபோது ஆட்சியில் இருந்தவர்கள் உலக நிலவரம் என்றார்கள், எதிரில் இருந்தவர்கள் நாட்டின் மானம் போச்சு என்றார்கள். இன்று நாற்காலி மாறியிருக்கிறது, வசனம் அப்படியே இருக்கிறது. ரூபாய் என்பது கொடிக்கம்பத்தில் பறக்கிற கொடியா? அது ஒரு விலை. ஏலக்காய்க்கு விலை இருக்கிற மாதிரி டாலருக்கும் ஒரு விலை. விலை ஏறும், இறங்கும். இதே ரிங்கிட் 2024 பிப்ரவரியில் இருபத்தாறு ஆண்டுகளில் இல்லாத பள்ளத்தில் கிடந்தது. அங்கேயும் அரசியல் சண்டை நடந்தது. ஆனால் அவர்களுடைய மத்திய வங்கி, அரசு சார்ந்த நிறுவனங்களை அழைத்து, வெளிநாட்டு வருமானத்தை ஊருக்குக் கொண்டுவந்து ரிங்கிட்டாக மாற்றச் சொன்னது. அமெரிக்க வட்டி குறைந்ததும் கை கொடுத்தது. மானம் பேசி ஏறவில்லை, வேலை செய்து ஏறியது.

இப்போது "நாட்டுக்கு நல்லதா" என்று கேட்ட தம்பிக்கு வருகிறேன். உன் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு. 1991-ல் இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் நம்மிடம் அந்நியச் செலாவணி இருந்தது. தங்கத்தை விமானமேற்றி அடகு வைத்தோம். 2025 முடிவில் கையிருப்பு 65,000 கோடி டாலருக்கு மேல். என் 5,000 ரிங்கிட்டால் இந்தத் தேசம் மூழ்காது.

தேசபக்தியைச் சுற்றுலாவில் காட்டச் சொன்னவர்கள் கதையையும் பார். 2024 ஜனவரியில் மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூன்று பேர் நம் பிரதமரைப் பற்றித் தரக்குறைவாக எழுதினார்கள். புறக்கணிப்போம் என்று ஊரெல்லாம் முழக்கம். 2023-ல் இரண்டு லட்சத்துக்கு மேல் போன இந்தியர்கள், அடுத்த ஆண்டு ஒன்றேகால் லட்சத்துச் சொச்சமாகக் குறைந்தார்கள். முன்பணம் கட்டி, ரத்து செய்து, பணத்தை இழந்த குடும்பங்கள் எத்தனையோ. அப்புறம் என்ன ஆனது? அதே 2024 அக்டோபரில் மாலத்தீவு அதிபர் டெல்லி வந்தார், அவர்கள் செலாவணித் தட்டுப்பாட்டுக்கு நாம் 40 கோடி டாலர் பரிமாற்ற உதவி கொடுத்தோம். 2025 ஜூலையில் அவர்கள் சுதந்திர தின விழாவுக்கு நம் பிரதமரே சிறப்பு விருந்தினர். அண்டை நாட்டோடு சமாதானம் நல்லது, நான் வரவேற்கிறேன். ஆனால் தலைவர்கள் கைகுலுக்கியபோது, ரத்து செய்தவனின் முன்பணத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

நாட்டின் பெயரால் குடும்பங்களைப் பிரித்து வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். எழுபதுகளில் வெளிநாடு போகிறவர் கையில் எட்டு டாலர்தான் எடுத்துப் போகலாம் என்பார்கள், அந்தக் காலத்தில் போய்வந்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். 1973-ல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டம் கெடுபிடியை இன்னும் கூட்டியது. என் மாமனார் மூத்த மகளுக்குப் பிள்ளை பிறந்ததும் ஒருமுறை ஈப்போ போய்ப் பார்க்க ஆசைப்பட்டார். மதுரைக்கு எத்தனையோ நடை நடந்தார். காசும் பற்றவில்லை, காகிதமும் நகரவில்லை. 1983-ல் பேரனைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். இன்று சட்டப்படி ஒருவர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். இந்தச் சலுகை வந்த பிறகும், அக்காளைப் பார்க்கப் போகிற தங்கச்சியைப் பார்த்து "நாட்டுக்கு நல்லதா" என்று கேட்பது நியாயமா தம்பி?

"வெளிநாடு போறவனுக்குத்தானே இந்தக் கவலை, நமக்கென்ன" என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு 23,500 ரூபாய் ஒரே ஒரு தடவை. வேண்டாமென்றால் தள்ளிப்போடலாம். காலை இருட்டோடு ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிற நம் ஊர்ப் பெண்களுக்கு எதைத் தள்ளிப்போட முடியும்? கச்சா எண்ணெயில் பெரும்பகுதி இறக்குமதி. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுக்க இறக்குமதி. பெரும்பாலும் டாலரில் வாங்குவது. ரூபாய் விழுந்தால் ஏற்றுமதியாளருக்கு லாபம் என்று பாடத்தில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சவூதிக்குப் போகிற ஏலக்காய்க்கு அதே டாலரில் கூடுதல் ரூபாய் வரும், உண்மைதான். போடி ஏலத்தில் அதில் கொஞ்சம் தோட்டக்காரருக்கும் வரலாம். பழம் எடுக்கிற கைக்கு? டாலர் ஏறியதென்று கூலி ஏறிய நாளை எனக்கு யாராவது காட்டுங்கள்.

கடைசியாக, போகிறவர்களுக்கு. பணம் மாற்றும் இடத்தில் "கமிஷன் இல்லை" என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள், கமிஷன் அந்த விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். சந்தையில் 22 ரூபாய் என்றால் பலகையில் 23-க்கு மேல் இருக்கும். விமான நிலையத்தில் இன்னும் மோசம். வங்கி அட்டையைத் தேய்த்தால் பல அட்டைகளுக்கு மூன்றரை சதவீதம் வரை தனி. அங்கே கடைக்காரர் "ரூபாயில் கட்டுகிறீர்களா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி ரிங்கிட்டிலேயே கட்டுங்கள். 2025-26 நிதியாண்டில் டூர் கம்பெனியில் மொத்தமாகக் கட்டினால் 5 சதவீத வரியை முன்னாலேயே பிடித்தார்கள், பத்து லட்சம் தாண்டினால் 20. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் சரிக்கட்டிக் கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் உங்களுடையது இல்லை.

நாங்கள் போகிறோம். திருச்சியிலிருந்து விமானம். கோலாலம்பூர் தங்கலை வெட்டிவிட்டோம், அக்கா வீடு போதும். பின்னூட்டத்தில் கட்சி வேண்டாம். கேள்வி கேட்பதென்றால் ஆள்பவர்களிடம் கேளுங்கள்: 2022-ல் சொன்ன காரணம் 2025-க்குப் பொருந்தவில்லையே, உண்மைக் காரணம் என்ன? நாளை ஆட்சி மாறினாலும் இதே கேள்வியை அவர்களிடமும் கேளுங்கள். அப்படிக் கேட்பவன்தான் என் மாணவன்.

அக்காவுக்கு ஒரு கிலோ போடி ஏலக்காய் வாங்கி வைத்திருக்கிறாள் வீட்டம்மா. அதன் விலையை மட்டும் நான் ரிங்கிட்டில் கணக்குப் போடவில்லை.