தேமோஸ்டாட்டைக் கழற்றி எறிவது ரிப்பேர் அல்ல



கொள்ளுப்பிட்டிப் பக்கம் பழைய கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் இது. கொஞ்சம் நீளம்தான், முழுவதும் வாசியுங்கள். கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களுக்குக் கோபம் வரலாம். வந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

போன மாதம், பாடசாலை விடும் நேரத்து நெரிசலில், டுப்ளிகேஷன் வீதியில் எங்கள் 110 கொரோலா கொதித்து நின்றது. பின் சீட்டில் கிளினிக் போய்த் திரும்பிய உம்மா. உதவிக்கு ஓடிவந்த ஒரு தம்பி, நாங்கள் தடுப்பதற்குள் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டார். கொதிநீர் பீறிட்டு முழங்கை வரை வெந்துபோனது. எங்கள் கார் கோளாறுக்கு ஊரார் பிள்ளை கையைச் சுட்டுக்கொண்டார். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

கார் கொதித்தது அன்று முதல் தடவை அல்ல. ஆறு மாதத்தில் மூன்று கராஜ் ஏறி இறங்கியிருந்தோம். முதலாமவர் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். இரண்டாமவர் வோட்டர் பம்பை மாற்றினார். மூன்றாமவர் தேமோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஃபேனுக்கு நேரடியாக வயர் கொடுத்தார். "நம்மட நாட்டு சூட்டுக்கு இதெல்லாம் தேவல்ல சேர்" என்றார். மூவரும் காசு வாங்கினார்கள். "கார் எப்ப கொதிக்குது?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். நெரிசலில் மட்டும் சூடேறி, ஓட ஆரம்பித்ததும் ஊசி இறங்கினால் முதலில் ஃபேனையும் அதன் ரிலேயையும் பாருங்கள். வேகமாக ஓடும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது பம்ப் மீது சந்தேகம். எங்கும் ஒழுக்கு இல்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது, பின்னால் வெள்ளைப் புகை, ஒயில் பால் தேநீர் நிறம் என்றால் ஹெட் கேஸ்கட். அதையும் ஊகிக்கத் தேவையில்லை. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவம் ஒன்று உண்டு. எஞ்சின் புகை தண்ணீருக்குள் கலந்தால் அது மஞ்சளாகும். சில நிமிட வேலை.

தேமோஸ்டாட் பனி நாட்டுக்கு மட்டும் செய்த பொருள் அல்ல. ஏறத்தாழ 82 பாகையில் திறந்து, எஞ்சினைச் சரியான சூட்டில் வைத்திருப்பது அது. கழற்றினால் எஞ்சின் சூடாக நேரமெடுக்கும், பெற்றோல் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். உண்மையான கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

குழாய்த் தண்ணீர் கதையும் இப்படித்தான். எங்கள் கார்களில் ஹெட் அலுமினியம், பெரும்பாலும் புளொக் இரும்பு. வெறும் தண்ணீரை ஊற்றி ஓடினால் துரு பிடித்து, அந்தத் துருவே ரேடியேட்டரை அடைக்கும். கூலன்ட் துருவையும் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும்.

கடைசியில் தெமட்டகொடைப் பக்கம் ஒரு வயதான பாஸிடம் போனோம். "ராவைக்கு கார வெச்சிட்டுப் போங்க, காலைல ஆறினாப் போல பாக்கணும்" என்றார். காலையில் பொனட்டைத் திறந்து, மேல் ஹோஸைக் காட்டினார். உறிஞ்சிய கன்னம்போல் ஒட்டிக் கிடந்தது. கோளாறு மூடியில்! சூட்டில் பக்கத்து போத்தலுக்குப் போகும் கூலன்ட், ஆறியதும் திரும்பி வர வழியில்லை. ரப்பரும் செத்துவிட்டதால் அழுத்தம் நிற்பதில்லை. தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும், நல்ல மூடி அழுத்தத்தைப் பிடித்தால் 120 பாகையளவு வரை தாங்கும். இந்தச் சின்ன மூடியை ஆறு மாதம் யாரும் பார்க்கவில்லை. அதற்குள் ஹெட் வளைந்து கேஸ்கட்டும் போய்விட்டது.

பிள்ளை கணக்கைச் செய்யாமல் விடையை ஊகித்து எழுதினால் நாங்கள் புள்ளி போடுவதில்லை. கராஜில் மட்டும் ஊகத்துக்குக் காசு கொடுக்கிறோம்.

ஆம், குற்றம் எங்களிலும் இருக்கிறது. "பாக்க மட்டும் காசா?" என்று பேரம் பேசியவர்கள் நாங்கள்தான். சோதிப்பவருக்குக் கூலி இல்லை, பாகம் மாற்றுபவருக்கு உண்டு என்றால் அவர் பாகத்தைத்தான் மாற்றுவார். பாஸ்மார் சொல்லும் இந்த நியாயம் சரிதான். ஆனால் தெரியாததைத் தெரியும் என்று சொல்லிக் காசு வாங்குவதற்கு அது நியாயமாகாது. கார் அவர்கள் கையில் அமானிதம்.

2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் 2022இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360ஐத் தாண்டியது. ஆசிரியர் சம்பளத்தில் புதுக் கார் கனவு. இந்தப் பழைய கார்தான் உம்மாவை கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும், பிள்ளைகளை ஏற்றி இறக்க வேண்டும். ஆகவே இனி சோதனைக்குத் தனியாகக் காசு கொடுப்போம். "எதைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீங்க?" என்று கேட்போம். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கிப் பார்ப்போம்.

ஊசி ஏறினால் ஏசியை நிறுத்துங்கள், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். முழுதாக ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள், யாரையும் தொட விடாதீர்கள்.

அந்தத் தம்பியின் கை ஆறி வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். தழும்பு நிற்குமாம். எங்கள் காருக்குப் புது மூடி போட்டாயிற்று.