மறுபதிப்பு நூல்களுக்கு மட்டும்தானா?

நல்ல நூல் ஒன்று அச்சில் இல்லாமல் போனால் நாம் வருந்துகிறோம். மறுபதிப்பு எப்போது வரும் என்று கேட்கிறோம். ஓர் இசைத்தட்டு கடையிலிருந்து மறைந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. அதுவும் ஒரு பெரிய கலைஞரின் பக்க முயற்சி என்றால், மறைந்ததே நல்லது என்பவர்களும் உண்டு. இந்த எண்ணத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

வயலின் கலைஞர் எல். சங்கரை எடுத்துக்கொள்வோம். 1950இல் சென்னையில் பிறந்தவர். தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்ததால் அங்கே வளர்ந்தவர். 1958 கலவரத்துக்குப் பின் குடும்பம் இந்தியா திரும்பியது. 1970களில் ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் அவர் வாசித்த 'சக்தி' குழுவைப் பலரும் அறிவார்கள். ஆனால் அதே சங்கர் ராக் இசைக்கும் போனார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1979இல் ஃபிராங்க் ஸாப்பாவின் தயாரிப்பில் 'டச் மீ தேர்' வந்தது. 1986இல் கரோலின் என்ற பாடகியோடு சேர்ந்து அமைத்த 'தி எபிடெமிக்ஸ்' குழுவின் தட்டு வந்தது. கித்தார் வாசித்தவர் ஸ்டீவ் வாய். வெளியிட்டதோ, அமைதியான ஜாஸ் இசைக்குப் பேர்போன ஈசிஎம் என்ற ஜெர்மானிய நிறுவனம்!

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த நண்பர் ஒருவருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். "இவருக்கு ஏன் இந்த வேலை?" என்றார். எல்லாப் பாட்டும் உயர்ந்தது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1980 வாக்கில் பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினை அவர் உருவாக்கினார். பெரிய டபுள் பேஸின் கனத்த ஒலியிலிருந்து வயலினின் உச்ச ஒலிவரை ஒரே கருவியில் தொட அவர் விரும்பினார். அந்தத் தேடலும் ராக் தேடலும் ஒரே மனத்தில் பிறந்தவையே. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிட்டால் பாதி சங்கரைத்தான் நாம் அறிவோம். 'டச் மீ தேர்' 1992இல் குறுந்தட்டாக மீண்டும் வந்தது. 1979இல் பிறந்தே இராதவர்களுக்கும் அதனால் அது எட்டியது. மறுவெளியீட்டின் பயன் அதுதான்.

சில சமயம் தீர்ப்பே மாறிவிடும். இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் சிந்தசைசரிலும் தாள இயந்திரத்திலும் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்துக்கு அமைத்துத் தட்டாக்கினார். யாரும் பொருட்படுத்தவில்லை. 2010இல் ஒரு டச்சு நிறுவனம் அதை மறுவெளியீடு செய்தது. பின்னாளில் அமெரிக்காவில் 'ஆசிட் ஹவுஸ்' என்று பெயர் பெற்ற இசையை இவர் முன்பே தொட்டுவிட்டாரே என்று உலகம் வியந்தது. எழுபது வயதைக் கடந்த அவரை ஐரோப்பிய மேடைகள் அழைத்தன. 2015இல் அவர் காலமானார். அந்தத் தட்டு ஒருவரிடமும் மிஞ்சியிருக்காவிட்டால் இது நடந்திருக்குமா?

சரி, நம் ஊருக்கு வருவோம். 1992இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'ருத்ரா' மெட்டல் குழு, 1998இல் தன் முதல் தட்டை வெளியிட்டு, தொடர்ந்து இயங்கி வெளிநாட்டிலும் பெயர் பெற்றது. நீடித்தவர்களுக்குத் தட்டு இருக்கிறது, வரலாறும் இருக்கிறது. ஈராண்டு பாடிவிட்டுக் கலைந்த குழுக்களுக்கு?

சிராங்கூனில் வீவக வீட்டில் வசிக்கும் முன்னாள் மாணவர் ஒருவரை எனக்குத் தெரியும். படிக்கும் காலத்தில் நண்பர்களோடு தமிழில் ராக் பாடல்கள் எழுதிப் பதிவு செய்தவர். ஒலிநாடாக்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. "கொடுங்கள் அண்ணே, கணினியில் ஏற்றித் தருகிறேன்" என்றேன். "அதெல்லாம் விளையாட்டுக்குப் பாடியது, தம்பி. யார் கேட்கப்போகிறார்கள்?" என்று சிரித்தார். யார் கேட்பார்கள் என்பதை அவர் முடிவு செய்ய வேண்டாம், நானும் முடிவு செய்ய வேண்டாம். நாளை வருபவர்கள் செய்யட்டும். அதுவரை நாடா தாங்க வேண்டுமே! நம் ஊரின் ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். காந்தப் பூச்சு உதிரும். உதிர்ந்த ஒலியை எந்தக் கணினியாலும் மீட்க முடியாது.

2015இல் நாட்டின் பொன்விழாவையொட்டித் தொண்டூழியர்களும் தேசிய நூலக வாரியமும் கைகோத்து, 1965க்குப் பின் வெளிவந்த நூற்றுக்கணக்கான சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்வடிவமாக்கினார்கள். பின்னர் அம்முயற்சி நாடகம், இசை, நடனம் என்றும் விரிந்தது. ஆகவே வழி இருக்கிறது. கடையில் விற்காத, பெயர் பெறாத பதிவுகளைத் தேடித் தருவது மட்டும் நம் கையில் இருக்கிறது.

இதற்கு நம் பேரவை மூன்று காரியங்கள் செய்யலாம். முன்னாள் மாணவர்களிடம் உள்ள பதிவுகளைக் கேட்டு வாங்கி மின்வடிவமாக்கலாம். யார் பாடினார், யார் வாசித்தார், எந்த ஆண்டு, எந்த மேடை என்று கூடவே எழுதி வைக்கலாம். பெயர் இல்லாத பதிவு பாதிப் பதிவுதான். பாடியவர்கள் அனைவரிடமும் எழுத்தில் இசைவு பெற்று, ஆண்டுதோறும் சிலவற்றையாவது வெளியிடலாம். பெரிய செலவு இல்லை, பொறுமைதான் வேண்டும்.

தமிழில் ராக் பாடலாமா என்று இன்றும் நம் விடுதி அறைகளில் வாதம் நடக்கிறது. நம் அண்ணன்மாரும் அக்காமாரும் அதைப் பாடியே பார்த்துவிட்டார்கள். முதலில் அதைக் கேட்போம், பிறகு வாதிடுவோம்.