வெலிங்டனில் எழுதப்படும் கடல் வியூக ஆய்வுகள்: ஸ்ரீ சிட்டிக்கு என்ன தொடர்பு?

ஸ்ரீ சிட்டி: சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில், ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தில் உள்ள ஸ்ரீ சிட்டி தொழில் நகரத்திலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனால், இங்குள்ள தொழிற்சாலைகள் கடலை நம்பியே இயங்குகின்றன. இசுசு வாகனங்கள், டைகின் ஏசிகள், அல்ஸ்டம் மெட்ரோ ரயில் பெட்டிகள் எனப் பலவும் தயாராகும் இந்நகரத்தின் பெரிய பலமே சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி, கிருஷ்ணப்பட்டினம் துறைமுகங்கள் எட்டும் தூரத்தில் இருப்பதுதான்.

2023 நவம்பரில் ஹவுதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினர். ஐரோப்பா செல்லும் கப்பல்கள் பலவும் சூயஸ் கால்வாயைத் தவிர்த்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. பயணம் 10 முதல் 14 நாள்கள் வரை நீண்டது. சரக்குக் கட்டணமும் காப்பீட்டுச் செலவும் உயர்ந்தன. இதே காலத்தில் கடற்கொள்ளையும் மீண்டும் தலைதூக்கியது. 2024 மார்ச்சில் ஐஎன்எஸ் கொல்கத்தா, கொள்ளையர் வசமிருந்த 'ரூயென்' சரக்குக் கப்பலை மடக்கியது. 17 மாலுமிகள் மீட்கப்பட்டனர். 35 கொள்ளையர்கள் சரணடைந்தனர்.

எந்தக் கடல்வழியைக் காப்பது, எத்தனை கப்பல்களை அனுப்புவது, அண்டை நாடுகளுடன் எவ்வாறு நடந்துகொள்வது போன்ற கேள்விகளைப் படைத்துறை அதிகாரிகள் மாணவர்களாக அமர்ந்து ஆராயும் இடங்களில் முதன்மையானது, நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி. முப்படைகளின் முதல் தலைமைத் தளபதி பிபின் ராவத், 2021 டிசம்பர் 8-ஆம் தேதி ஹெலிகாப்டர் விபத்தில் உயிரிழந்தபோது, இக்கல்லூரியில் உரையாற்றத்தான் சென்றுகொண்டிருந்தார்.

1905-ல் தேவ்லாலியில் தொடங்கி, 1907-ல் குவெட்டாவுக்கு மாறிய பயிற்சிக் கல்லூரியின் இந்திய வாரிசு இது. பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குச் சென்றதால், வெலிங்டனில் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. மேஜர், லெப்டினன்ட் கமாண்டர், ஸ்குவாட்ரன் லீடர் நிலையிலான அதிகாரிகள் ஏறத்தாழ ஓராண்டு இங்கு பயில்கின்றனர். ஆய்வேடு எழுதி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பட்டமும் பெறுகின்றனர்.

நட்பு நாடுகளின் அதிகாரிகளும் இதே வகுப்பறையில் அமர்கின்றனர். நைஜீரிய முன்னாள் அதிபர் ஒபசாஞ்சோ, இலங்கை முன்னாள் அதிபர் கோட்டாபய ராஜபக்ச ஆகியோர் இங்கு பயின்றவர்களே. ஒன்றாகப் படித்த உறவு பின்னாளில் இந்தியாவுக்குக் கைகொடுக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. 2014 செப்டம்பரில் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தபோது இலங்கையின் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் கோட்டாபயதான். வெலிங்டனில் படித்தவர் என்பதற்காக ஒருவர் தம் நாட்டின் கணக்கை மாற்றிக்கொள்வதில்லை.

மூத்த கடற்படை அதிகாரிகளுக்கான உயர்கல்வி, கோவாவில் உள்ள கடற்படைப் போர்க் கல்லூரியில் நடைபெறுகிறது. அங்கு 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட புதிய கட்டடத்துக்கு 'சோழா' என்று பெயர். தமிழ் வாசகர்கள் மகிழலாம். ஆனால் அக்கட்டடத்துக்குள் எழுதப்படுவதைத் தமிழகக் கடற்கரையில் யாரும் படிக்க வாய்ப்பில்லை என்பதுதான் சிக்கல்.

அமெரிக்காவின் மான்டெரியில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரி, ரகசியத்தன்மை இல்லாத மாணவர் ஆய்வேடுகளை இணையத்தில் பொதுமக்களுக்குத் திறந்து வைத்துள்ளது. இந்திய அதிகாரிகளின் ஆய்வேடுகள் அவ்வாறு எளிதில் கிடைப்பதில்லை. பணியில் இருக்கும் அதிகாரி கட்டுரை வெளியிடவும் முன் அனுமதி தேவை. கப்பல்களின் திறன், ரோந்துத் திட்டம் போன்றவற்றைப் பூட்டி வைப்பது நியாயமே. சரக்குக் காப்பீடு, பாக் நீரிணை மீன்பிடிப் பிரச்சினை, ஹம்பாந்தோட்டையின் 99 ஆண்டுக் குத்தகை ஆகியவற்றில் என்ன ரகசியம் இருக்கிறது?

இந்த மூடுதலுக்கு ஒரு விலை உண்டு. இந்தியப் பெருங்கடலில் சீனாவின் துறைமுகத் தொடர்புகளைக் குறிக்க இங்கு அன்றாடம் பயன்படும் 'முத்துமாலை' என்ற சொல், அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஒரு தனியார் ஆலோசனை நிறுவனம் தயாரித்த அறிக்கையிலிருந்து 2005-ல் பரவியது. நம் வாசலில் உள்ள கடலைப் பற்றிய விவாதம் இரவல் சொல்லில் நடக்கிறது. பூட்டிய அலமாரியில் இருக்கும் ஆய்வேட்டிலிருந்து மாற்றுச் சொல் பிறக்க வழியில்லை.

ஸ்ரீ சிட்டிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. அதற்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. 2025 நவம்பர் 2-ஆம் தேதி, கடற்படையின் தகவல் தொடர்புக்கான 4,410 கிலோ எடையுள்ள சிஎம்எஸ்-03 செயற்கைக்கோள் அங்கிருந்துதான் விண்ணில் ஏவப்பட்டது. ராக்கெட் ஏவும் நாள்களில் பழவேற்காடு மீனவர்கள் கடலுக்குச் செல்ல அனுமதி இல்லை. அன்றைய வருமானத்தை இழந்து கரையில் காத்திருக்கும் அவர்கள், நாட்டின் கடல் வியூகத்தில் தங்கள் இடம் என்ன என்பதை எந்த ஆய்வேட்டிலும் படித்ததில்லை.