விருந்தினர் கடன்

விருந்து என்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பதே தொன்மைப் பொருள். திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்து, இல்வாழ்வானுக்குரிய கடனை விரித்தோதினார். விருந்தாகச் செல்வானுக்கும் ஒரு கடன் உண்டு என்பதை இன்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மன்னாருக்குக் கல்விச் சுற்றுலாச் செல்லும் ஆசிரியரையும் மாணவரையும் முன்னிட்டே இதனை எழுதுகின்றேன்.

பெருநிலத்தையும் மன்னார்த் தீவையும் இணைக்கும் தாம்போதி வழியே செல்வோர் காணும் சேற்றுநிலமும் களப்பும் வங்காலைச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. 2008 இல் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற இந்நிலம், 4839 ஹெக்டேயர் பரப்புடையதாய், 2010 இல் இராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. வடபுலத்துப் பனிக்கு அஞ்சி வரும் வாத்தினமும் உள்ளானினமும் மாரிக்காலத்தை இங்கே கழிக்கின்றன. பூநாரைகளும் கூட்டங்கூட்டமாக இரைதேடுகின்றன. நம்மினும் முந்தி வந்த விருந்தினர் இவர். மீண்டும் நெடுந்தொலைவு பறப்பதற்கு வேண்டிய வலிமையை இச்சேற்றிலிருந்தே பெறுதல் வேண்டும். நல்ல படமொன்றை விரும்பி ஒருவர் டிரோன் கருவியைப் பறக்கவிட்டாலும், சேற்றில் இறங்கி நெருங்கினாலும், கூட்டம் வெருண்டெழுகின்றது. நமக்கு அது கண்ணுக்கினிய காட்சி. பறவைக்கோ இரையிழப்பும் வீண் உழைப்புமாம்.

தலைமன்னாருக்கு அப்பாலுள்ள ஆதாம் பால மணற்றிட்டுகளின் நிலை இன்னும் நுண்ணியது. அங்கே ஆலாப் பறவைகள் வெறுமணலிலே முட்டையிடுகின்றன. மணலின் நிறத்தோடு ஒன்றிய முட்டை கண்ணுக்குப் புலப்படாது காலில் மிதிபடும். தாய்ப்பறவை அஞ்சி அகன்றிருக்கும் பொழுதிலே கடுவெயிலால் அழிதலும் கூடும். கெடுநோக்கமுடையார்தாம் கேடு செய்வர் என்பதில்லை. அறியாது வைக்கும் ஓர் அடியும் போதும்.

சூழலியற் சுற்றுலா என இன்று வழங்குவதன் சாரம் மூன்று: இயற்கைக்கு ஊறு செய்யாமை, அவ்விடத்து மக்களுக்குப் பயன்படுதல், சென்றவர் அறிவு பெற்று மீளுதல். ஐக்கிய நாடுகள் சபை 2002 ஆம் ஆண்டை இதற்கென்றே ஒதுக்கிற்று. எனினும் அப்பெயர் சூடியவை யாவும் அதுவாகிவிடா. உணவு, தண்ணீர், வழிகாட்டி யாவற்றையும் வெளியூரிலிருந்தே கொணர்ந்து, வெறும் போத்தலை மட்டும் மன்னாரில் விட்டுச் செல்வாரால் அவ்வூர் மீனவனுக்கும் சிறுகடைக்காரனுக்கும் வருவது யாது? பறவை வாழ்ந்தால் தனக்கும் வாழ்வுண்டு என்பதை அவன் கண்டாலன்றிக் காவல் நிலைக்காது.

குறுங்குடி மருதனார் அகநானூற்றிலே காட்டும் தலைவன், பூந்தாது உண்ணும் வண்டினம் அஞ்சுமென்று தன் தேர்மணியின் நாவைக் கட்டி வருகின்றான். தலைவியைக் காணும் ஆர்வமும் அவன் அருளை மறைக்கவில்லை. இப்பாட்டுக்குப் பதவுரை கூறிப் பயிற்றும் நாம், அதே மாணவரை ஒலிபெருக்கி முழங்கும் பேருந்தில் வங்காலைக்கு அழைத்துச் செல்வோமாயின், கற்பித்தது என்னாயிற்று?

ஆதலால் பாடசாலைகள் சில நெறிகளை மேற்கொள்ளுதல் நன்று. சரணாலயத்தருகே ஒலிபெருக்கியை நிறுத்துக. வீதியோரத்தில் நின்று தொலைநோக்கியாற் காண்க. ஊரறிந்த ஒருவரை ஊதியங்கொடுத்து அமர்த்துக. கழிவை மீளக் கொணர்க. வனசீவராசிகள் திணைக்களமும் கரையோரக் கிராமத்து இளைஞரைப் பயிற்றித் தமிழில் விளக்கங்கூறும் வழிகாட்டிகளாக்குதல் வேண்டும். எத்தனை பேர் வந்தனர் என்பதனால் அன்று, அடுத்த மாரியிலும் பறவைகள் அச்சமின்றி இறங்கினவா என்பதனாலேயே ஒரு சுற்றுலாவின் சிறப்பை அளத்தல் தகும்.